ஒரு விரல் இடைவெளி

கடலில் கண்டெடுத்த வால்வு இறுக மூடியிருந்தது. விழுவதற்கு முன் விண்கலம் அனுப்பிய பதிவோ, வால்வு திறந்துகொண்டது என்றது. இரண்டில் ஒன்று பொய். விசாரணைக் குழு இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, விழுந்த வேகத்தில் வால்வு மூடியிருக்கும் என்று முடிவுகட்டி, கைக்கு அகப்பட்ட ஆளைப் பிடித்தது. அதைப் பொருத்திய யுவராஜ். இன்று மாலை நாலு மணிக்கு அறிக்கையில் கையெழுத்து. இந்த வேலையும் போகும், இந்தத் தொழிலில் வேறெவனும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டான்.

அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற கோகிலவாணிதான் அதே கலத்துக்கு ஒயர் கட்டியவள். லீவில் மலைமேல் இருக்கும் தன் ஊரான எடப்புளி நாட்டுக்கு வந்தவள், சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அப்பாவின் தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டதும், பழக்கத்தில் உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். கொடி பெருக்க ஒரு விரல் இடம் விட வேண்டும். இந்த மலையில் நடை பழகும்போதே பழகுவது அது.

விரல் அப்படியே நின்றது. ஒயர்களையும் அவள் இப்படித்தான் கட்டினாள். சோதித்தவர்கள் கட்டுகளை எண்ணினார்களே தவிர, ஒருவரும் இழுத்துப் பார்க்கவில்லை. ஒயர் ஆடி, உரசி, தோல் போயிருக்கும். திறக்காத வால்வைத் திறந்ததாகச் சொல்லியிருக்கும். கணினி அதை நம்பி எஞ்சினை நிறுத்தியிருக்கும். இரண்டு மாதமாக யுவராஜின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்ன கையும் இதுதான்.

போன் சிக்னலுக்காக சோளக்காடு சந்தை வரை ஓடினாள். மணி மூன்றாகியிருந்தது. விசாரணைக் குழுத் தலைவர் மாதேஸ்வரன் போனில் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளைக் கொன்றது.

"கட்டிக்கப் போறவருக்காகப் பழிய ஏத்துக்கறீங்க. புரியுதுங்க. ஆனா அந்த ஒயர் எரிஞ்சு போச்சே. ஆதாரம் வேணுமில்லீங்களா?"

பலாப்பழம் விற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கெஞ்சினாள். உண்மையைச் சொல்லவும் இத்தனை கெஞ்ச வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

"சார், அடுத்த கலம் அங்கதானே நிக்குது. அதுக்கும் கட்டுனது நான்தானுங்க. மூடியத் தெறந்து பாருங்க."

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் போன் வந்தது. பதினெட்டுக் கட்டும் தளர்வு, யுவராஜ் பெயரை எடுத்துவிட்டோம் என்றார். அங்கே யார் பெயரை எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அவருகிட்ட நான் சொல்லட்டுங்களா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேனுங்க."

யுவராஜின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்த முடியாமல் அங்கேயே நின்றாள்.