சிகப்பி ஆச்சி கட்டடத்துக் கம்போஸ்ட் குழி

பூமிநாதன் அன்று காலை இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். பத்து மணிக்கு நகராட்சி சுகாதார அதிகாரி வருகிறார். கொல்லையில் இருக்கும் கம்போஸ்ட் குழியை எல்லோர் முன்னாலும் வெட்டிப் பார்த்து மார்க் போடப் போகிறார். வெட்டினால் உள்ளே ஆட்டெலும்பு வரும். அது அங்கே கிடப்பது தனக்கும் தன் மனைவி பொன்னுத்தாயிக்கும் மட்டும்தான் தெரியும் என்று பூமிநாதன் நம்பிக்கொண்டிருந்தார்.

எலும்பு வந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சிகப்பி ஆச்சியைத் தெரியாது. காரைக்குடியில் தன் பெரிய வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மனையில் எட்டுக் குடித்தனத்துக்கு மாடிக் கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் ஆச்சி. கணவர் மலேயாவில் இருந்தார். கட்டியது, விட்டது, வெள்ளையடித்தது எல்லாம் ஆச்சிதான். கட்டடத்தின் கொல்லைச் சுவரை ஒட்டியே அவர்கள் குடும்பத்துப் படைப்பு வீடு. முன்னோருக்குப் படையல் வைக்கிற இடம். அதனால் குடிவர நினைக்கிறவர்களிடம் ஆச்சி வாடகையையே இரண்டாவதாகத்தான் பேசுவார். முதல் பேச்சு, "கவுச்சி ஆகாது. சம்மதமா?"

"நான் வெங்காயத்தையே யோசிச்சுத் திங்கிறவன் ஆச்சி" என்று அன்றைக்குச் சொன்னார் பூமிநாதன். ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அதற்கு முன் இருந்த வீடுகளில் கோட்டையூர் வீடு ஒழுகியது. அடுத்த வீட்டில் பாம்பு வந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொன்னார். ஒவ்வொரு மாற்றலுக்கும் பொன்னுத்தாயிக்கு இழுப்பு வந்து படுத்தாள். இந்த வீட்டில்தான் குழாய் உள்ளேயே இருந்தது, இரவில் மூச்சும் சீராக வந்தது. "இனி ஒரு வீடு மாறச் சொன்னீகன்னா நான் வலையபட்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க உங்க பதவியோட குடும்பம் நடத்துங்க" என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

பதவி என்று அவள் சொன்னது கூட்டுறவுப் பண்டகசாலை மேலாளர் வேலையை அல்ல. குடிவந்த சூட்டோடு சூடாகப் பூமிநாதன் ஆரம்பித்த குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் பதவியை. எட்டு வீட்டுக்கு ஒரு சங்கம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் போக மிச்சம் நாலு வீடு பொதுக்குழு.

நகராட்சி கம்போஸ்ட் போட்டி அறிவித்ததும் சங்கத்துக்கு உயிர் வந்தது. கொல்லையில் படைப்பு வீட்டுச் சுவரோரம் குழி வெட்டி, சுற்றிலும் முள்வேலி கட்டினார்கள். பூமிநாதன் அதற்கு நிலையம் என்று பெயர் வைத்து, தன் பெயர் எழுதிய பலகையும் நட்டார். திறப்பு விழாவன்று வாழைப்பழத் தோலைத் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு, ஆச்சி கையால் குழிக்குள் போடச் செய்தார். பிறகு பேசினார்.

"காய்த் தோல், சருகு, சோத்துப் பருக்கை, எதுவானாலும் போடுங்க. மூணே மாசத்துல எல்லாம் ஒரே மண்ணாயிரும். எது எந்த வீட்டுக் குப்பைன்னு கடவுளாலகூடக் கண்டுபிடிக்க முடியாது!"

அந்தப் பேச்சை நம்பிய ஒரே ஆள் பூமிநாதன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருக்கும். உள்ளே கறி கொதிக்கும். மேலே சாம்பிராணி புகையும். மாடியில் அந்தப் போர்ஷனுக்குப் பக்தியில் நல்ல பெயர். எலும்புகளை மட்டும் அதுவரை இலையில் சுருட்டி ஆபீஸ் பைக்குள் வைத்து, திங்கட்கிழமை கண்மாய்க் கரையில் எறிந்துகொண்டிருந்தார். குழி வந்தபின் அந்தச் சிரமம் எதற்கு என்று தோன்றிவிட்டது. நேராகக் குழி.

முந்தாநாள்தான் சும்மா ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். வெங்காயச் சருகு மண்ணாகியிருந்தது. பூசணித் தோல் மண்ணாகியிருந்தது. வேப்பிலை போன இடமே தெரியவில்லை. நடுவே நெஞ்செலும்பும் காலெலும்பும் போட்டபோது இருந்ததைவிட வெள்ளையாக, கழுவி வைத்ததுபோல் கிடந்தன. நாலைந்தைப் பொறுக்கி மடியில் கட்டுவதற்குள் துணைத் தலைவர் மெய்யநாதன் பல் விளக்க வந்துவிட்டார். அதற்குப் பிறகு கொல்லையில் ஆள் ஒழியவே இல்லை. போட்டி என்றால் எல்லோரும் வந்து குழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"வயித்துவலின்னு படுத்திருங்க. இன்னொரு நாள் வரச் சொல்லுவோம்" என்றாள் பொன்னுத்தாயி.

"தலைவர் இல்லாம எப்படி வெட்டுறது?"

"அதுக்குத்தான சொல்றேன்."

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பூமிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அதிகாரி மெலிந்த மனிதர். கையில் அட்டையும் பென்சிலும். கூட நகராட்சி ஆள் தங்கச்சாமி, தோளில் மண்வெட்டி. எட்டு வீட்டுச் சனமும் கொல்லையில் கூடியிருந்தது. பெரிய வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு ஆச்சி உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கம் வெட்டட்டும்யா?" என்றான் தங்கச்சாமி.

"இங்குட்டு, இங்குட்டு!" பூமிநாதன் போன வாரம் சருகு கொட்டிய மூலையைக் காட்டினார்.

"அது புதுசு. நடுவுல வெட்டு" என்றார் அதிகாரி.

மண்வெட்டி இறங்கியது. கறுப்பாகப் பொலபொலவென்று மண் வந்தது. அதிகாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்து தலையாட்டினார். இரண்டாவது வெட்டிலும் மண்தான். "போதுங்களே ஐயா, காபி ஆறிப்போகும்" என்றார் பூமிநாதன்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா."

மூன்றாவது வெட்டில் டக்கென்று சத்தம். தங்கச்சாமி குனிந்து எடுத்து உதறினான். ஒரு சாண் நீளக் காலெலும்பு. அடுத்த வெட்டில் அதன் உறவினர்கள் வந்தார்கள்.

படைப்பு வீட்டுச் சுவருக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டடி தூரம். எல்லோரும் ஆச்சியைப் பார்த்தார்கள்.

ஆச்சி நிதானமாக வெற்றிலையை மடித்தார். "நாய் இழுத்தாந்து போட்டிருக்கும்" என்றார். "இந்தத் தெருவுல நாய்க்கா பஞ்சம்? தள்ளிப் போட்டுட்டு வேலையப் பாருப்பா."

பூமிநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னால் பொன்னுத்தாயி மெல்ல மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

அதிகாரி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "நாய் புகுற குழின்னா பாதுகாப்புக்கு மார்க் இல்லை. சைபர்தான்."

"சைபரா?" என்றார் பூமிநாதன்.

"ஆமாம். மத்ததெல்லாம் பிரமாதம். முதல் பரிசே கொடுத்திருக்கலாம்."

"அடடா, போச்சே தலைவரே" என்று மெய்யநாதன் உச்சுக்கொட்டினார். "கதவு வைப்போம்னு நான் அப்பவே சொன்னேன். முள்ளு போதும்னீக. நாய்க்கு உங்க முள்ளு எம்மாத்திரம்!"

அந்த உச்சுக்கொட்டல்தான் பூமிநாதனைக் கெடுத்தது.

"என் வேலிக்குள்ள எந்த நாயும் நுழைய முடியாது!" குரல் தானாக உயர்ந்தது. "கருவேல முள்ளு, மூணு சுத்து. நானே நின்னு கட்டுனேன்."

பொன்னுத்தாயி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். ஆச்சி, "நாய்தான் சார், விடுங்க" என்றார், சற்று அழுத்தமாக.

"அப்ப எலும்பு எப்படி வந்தது?" என்றார் அதிகாரி.

"நான் போட்டேன்!" என்றார் பூமிநாதன். சொல்லிவிட்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு மேடைக் குரல் அவரைக் காப்பாற்றியது. "விஞ்ஞானம் ஐயா! எலும்புல பாஸ்பரஸ் இருக்கு. வெறும் காய்த் தோல்ல அந்தச் சத்துக் கிடையாது. அதுக்காகவே கறிக்கடையில சொல்லி வச்சு, வாராவாரம் விலைக்கு வாங்கி, என் கையால கொண்டாந்து போட்டேன். சங்கத்துத் தீர்மானத்துக்குக்கூடக் காத்திருக்கலை."

அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த ஊர்ல இப்படி யோசிச்ச முதல் ஆள் நீங்கதான். முதல் பரிசும் உங்களுக்குத்தான்." கைதட்டல் எழுந்தது. தட்டத் தொடங்கியவர் மெய்யநாதன். ஜீப்பிலிருந்து வெள்ளிக் கோப்பையை எடுத்துவர ஆள் போனான்.

ஆச்சி விரலால் சைகை செய்தார். பூமிநாதன் சிரித்த முகத்தோடு கிட்டத்தில் போனார்.

"சார், வேற வீடு பார்த்துக்கங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. "ஆச்சி?"

"சாம்பிராணிக்கு அடியில என்ன வேகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? நான் செட்டிநாட்டுக்காரி. மசாலா வாசத்துலயே என்ன கறி, எத்தனை பேருக்குன்னு சொல்லிருவேன். என் வீட்டு அடுப்புல ஏறாத கறியா? இந்தச் சுவரோரம் ஆகாது, அம்புட்டுத்தான். நீங்க மறைச்சீக, நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன். நாயின்னு வழியும் விட்டேன். நீங்கதான் பத்துப் பேர் மத்தியில, காசு குடுத்து வாங்கியாந்து எங்க படைப்பு வீட்டுச் சுவரோரம் கொட்டுனேன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்றீக. நாளைக்குப் பங்காளிக வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"அது பொய் ஆச்சி!" பூமிநாதன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "சத்தியமாத் தின்னதுதான். வாங்கிப் போடலை, தின்னுட்டுத்தான் போட்டேன். இவளைக் கேளுங்க!"

"தின்னதுதான் ஆச்சி" என்றாள் பொன்னுத்தாயி. அவளுக்கு அப்போதே மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. "ரெண்டு பேருந்தான் தின்னோம்."

"எனக்கு எதுக்குத் தாயி சொல்றே? எனக்குத் தெரிஞ்சதுதான்." ஆச்சி கூட்டத்தைக் காட்டினார். "இப்பச் சொன்னதை அங்குட்டுப் போய், அந்த ஆபீசர்கிட்ட, எல்லாரும் கேட்கச் சொல்லச் சொல்லு. தின்னேன், வாயடக்கத் தெரியாம உளறிட்டேன், பாஸ்பரசும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு. பங்காளிககிட்ட நான் பேசிக்கிறேன். வீடு உங்களுக்குத்தான்."

பொன்னுத்தாயி கணவரைப் பார்த்தாள். "போங்க. ஒரு வார்த்தைதான. போய்ச் சொல்லிட்டு வாங்க."

பூமிநாதன் போனார். வேகமாகத்தான் போனார். கூட்டம் விலகி வழி விட்டது. அதிகாரி கோப்பையை அவர் கையில் வைத்து, "நம்ம தலைவர் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். மெய்யநாதன் எங்கிருந்தோ ஒரு மாலையும் கொண்டுவந்து கழுத்தில் போட்டுவிட்டார்.

பூமிநாதன் கோப்பையைப் பார்த்தார். ஒரு தடவை திரும்பி மனைவியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பாஸ்பரஸ் என்பது என்ன?"

ஆச்சி எழுந்து நாற்காலியை மடக்கினார். "ஒண்ணாந் தேதி வரைக்கும் இருங்க தாயி. அவசரமில்லை."

"சரி ஆச்சி" என்றாள் பொன்னுத்தாயி, சுவரைப் பிடித்துக்கொண்டு. "தேதிய அவுகளுக்கு அப்புறமாச் சொல்லிக்கிறேன். பேசி முடிக்கிற வரைக்கும் அவுக காதுல எதுவும் ஏறாது."