கோமளத்தின் காலைகள்

கோமளத்தை அவள் புக்ககத்தார் மயிலாப்பூரில் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனது அறுபத்து நாலாம் வருஷம். கும்பகோணத்திலிருந்து கூட வந்த மாமனார் காப்பிகூடக் குடிக்கவில்லை. மாட்டுப்பெண் வெயில் ஏறியும் எழுந்திருப்பதில்லை, கேட்டால் இடுப்பு வலி என்கிறாள், மத்தியானமானால் நன்றாக நடமாடுகிறாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு வருஷத்தில் விவாகரத்து வாங்கி மகனுக்கு வேறு கல்யாணமும் செய்துவிட்டார்கள்.

அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். தம்பி பத்ரிநாராயணனும் சளைக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், படுத்திருந்த அக்காவின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பு மூட்டினாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் அந்த வலி அவனுக்கே வந்தது. விடியற்காலையில் முதுகு மரக்கட்டையாகக் கிடந்தது. பக்கவாட்டில் உருண்டுதான் எழ முடிந்தது. நடக்க நடக்க இளகியது. ராயப்பேட்டையில் டாக்டர் கஸ்தூரிரங்கன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அப்பா கடைசிக் காலத்தில் நிமிரவே முடியாமல் கூன் விழுந்து போனதைச் சொன்னான் பத்ரி.

முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாதம் இது என்றார் டாக்டர். இதற்கு இடம்கொடுக்கும் ஓர் அடையாளம் ரத்தத்தில் இருப்பதை இரண்டு வருஷத்துக்கு முன்புதான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தவர்கள் எல்லாருமே நோயில் விழுவதில்லை.

பத்ரி கேட்டான்: "பொம்மனாட்டிகளுக்கும் வருமா?"

"வரும். அவாளுக்கு வராதுன்னு நெனச்சுண்டு நாங்கதான் தேடறதில்லை."

அவன் பஸ் ஏறவில்லை. வெயிலில் நடந்தே வீடு வந்தான். கோமளம் அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகத் தான் பார்த்தும் பாராத கழுத்து அது. எதிரே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான்.

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ நான் சோம்பேறி இல்லையாடா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா."

"அம்மாவுக்குத் தெரியாமயே போயிடுத்தே."

மிச்சக் காயையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுவாரம் அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போனான். இடுப்பிலிருந்து கழுத்துவரை எலும்பு ஒட்டிப் போயிருந்தது. பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் பயிற்சி சொல்லிக்கொடுத்து நிமிர்ந்தாற்போலவாவது வைத்திருக்கலாம் என்றார் அவர். இனி வலிக்குத்தான் மாத்திரை. கும்பகோணத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றான் பத்ரி. கோமளம் வேண்டாமென்றாள். புருஷனாக இருந்தவருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இது தெரிந்து அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்றாள்.

அதன் பிறகு தினமும் விடியும்போது அவன் உருண்டு எழுந்து, அக்காவின் பாயருகே போய் உட்கார்ந்துகொள்வான். அவள் இப்படியும் அப்படியும் புரண்டு முதுகு கொஞ்சம் இளகும்வரை காத்திருப்பான். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் அவன் போனான். சொல்ல வாய் வரவே இல்லை. கையைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்துவதோடு சரி.