முன்னால் நடக்கிறவர்

காட்டுக்குள் முன்னால் நடப்பவனே மனிதருள் முதல்வன்; அவன் அடிச்சுவட்டில்தான் மற்றவர்கள் உயிரோடு ஊர் திரும்புகிறார்கள். இந்த அரிய உண்மையைப் புலியண்ணன் தினமும் காலையில் உரக்கச் சொல்வார். கேட்பது ஷேவிங் கண்ணாடி மட்டும். சில நாள் கதவுக்கு வெளியே அவர் மனைவியும் கேட்பாள். "பேசி முடிச்சாச்சுன்னா வெளிய வாங்க, நானும் குளிக்கணும்" என்பாள்.

புலியண்ணன் என்பது அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். சுற்றுலா வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவது தொழில். காக்கித் தொப்பி, உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, வலது கையில் புலித்தலை பொறித்த கனத்த வெள்ளி மோதிரம். புலியை அவர் பார்த்ததும் உண்டு. வாலை மட்டும். கூட வந்தவர்கள் அது மாட்டு வால் என்றார்கள்.

வினை மச்சினன் உருவத்தில் வந்தது. மனைவியின் தம்பி நர்ஸ் படிப்புப் படித்தவன். மலைமேல் இருக்கும் குடியிருப்பில் மருந்துக்கு வழியில்லை. நடக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் மருந்து சுமந்தால், தம்பி கூடவே போய் அங்கே வைத்தியம் பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். 'சேவை' என்ற சொல் விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும் என்று புலியண்ணனும் தலையாட்டினார். மச்சினனைக் கடைசியில் நடக்கவிட்டார். பின்தங்குகிறவர்களைக் கவனிக்க ஓர் ஆள் கடைசியில் வரவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முறை. கடைசியில் வருகிறவன் எந்தப் போட்டோவிலும் விழமாட்டான் என்பது புலியண்ணனின் எண்ணம்.

எண்ணத்தில் மண் விழுந்தது. மச்சினன் வாயாடி. நெற்றியில் புரளும் முடியை ஒதுக்கிக்கொண்டே ஊசிக்குப் பயந்து மரமேறிய பயில்வான் கதையைச் சொல்வான். ஒவ்வொருவராகப் பின்தங்க ஆரம்பித்தார்கள், கால் வலியே இல்லாமல். ஒருநாள் புலியண்ணன் ஒரு மரத்தின் அருமை பெருமைகளை விளக்கி முடித்துத் திரும்பினால் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. வளைவுக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். இவ்வளவு நேரம் மரத்தைப் பற்றி மரத்திடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

வந்து போனவர்கள் எழுதும் பாராட்டுகளை மனைவி படித்துக் காட்டுவாள். நர்ஸ் தம்பியின் அன்பு, நர்ஸ் தம்பியின் பொறுமை, நர்ஸ் தம்பியின் சிரிப்பு. ஒருவர் மட்டும் நியாயமானவர். 'வழிகாட்டியும் இருந்தார்' என்று எழுதியிருந்தார். புலியண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது.

"அடுத்த சீசன் முழுக்க, டவுன்ல டிராவல்ஸ் நடத்தற ஒரு அம்மா நமக்கு ஆள் அனுப்பறாங்களாம்" என்றாள் மனைவி. "நாளைக்கு அவங்களே நடந்து பார்க்க வர்றாங்க. போஸ்டர்ல யார் படம் போடறதுன்னு பார்த்துட்டுச் சொல்லுவாங்களாம்."

"இதுல பார்க்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா போஸ்டர்ல யார் மூஞ்சி இருக்கு?"

"உங்க மூஞ்சிதான். அதனாலதான் பார்க்கணும்ங்கறாங்க."

"பேசாம உன் தம்பி தலைமுடிய மட்டும் படம் எடுத்துப் போடு."

"போடலாம். அவனுக்கு இருக்கே."

புலியண்ணன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வழி பார்த்து வருவதாகச் சொல்லி ஓடைக்கரைக்குப் போனார். தானாக வராத புலியை நாமாக வரவழைப்பதில் தப்பில்லை. ஈர மண்ணில் முஷ்டியை ஊன்றி அழுத்தினால் பாதம். அதற்கு மேல் கட்டைவிரலால் நாலு குழி போட்டால் விரல்கள். நகம் வரையக் கூடாது, புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். தொழில் தெரிந்தவர் அல்லவா. கரையோரமாக வரிசையாகப் பதித்துக்கொண்டே போனார். கடைசித் தடத்தை மச்சினன் முகத்தை நினைத்துக்கொண்டு அழுத்தினார். அதுதான் ஆழமாக விழுந்தது. மண்ணுக்குள் கிடந்த முள்ளும் அதில்தான் ஏறியது. இருட்டிக்கொண்டு வந்ததால், விரலைச் சப்பிக்கொண்டே வீடு திரும்பினார்.

காலையில் மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் காட்டின் அதிசயங்கள் இடது கையாலேயே காட்டப்பட்டன.

ஓடைக்கரையில் எல்லாம் நினைத்தபடி நடந்தது. "யாரும் அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார். கூட்டம் முதல்முறையாக முன்னால் ஓடிவந்தது. டிராவல்ஸ் அம்மா ஆழமான தடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்தார். "போஸ்டருக்கு இதுவும், பக்கத்துல நீங்களும் போதுமே" என்றார். புலியண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "மாமா, நிஜமாவே புலியா?"

"பின்ன, உன்ன மாதிரி பூனையா?"

அந்தச் சந்தோஷம் மலையேறும்வரை தாங்கியது. மேலே பள்ளிக்கூட அறையில் மச்சினன் பெஞ்சுகளை ஒதுக்கி, கர்ப்பிணிகளுக்கு எடை பார்த்தான், ஒருவருக்குப் புண் கட்டினான், கிழவர் ஒருவரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டு வாங்கினான். டிராவல்ஸ் அம்மாவின் செல்போன் அவன் கைகளையே சுற்றிவந்தது. பொறுக்காமல் புலியண்ணன் நடுவே நுழைந்தார். "வரிசையில வாங்கண்ணே" என்றாள் ஒருத்தி.

மச்சினன் நிமிர்ந்தான். "மாமா, காலைலேருந்து கைய வெளிய எடுக்கவே இல்ல. காட்டுங்க."

"ஒண்ணுமில்லப்பா."

"காட்டுங்க சார்" என்றார் டிராவல்ஸ் அம்மா. காட்ட வேண்டியதாயிற்று.

"எங்க குத்துச்சு?"

"வீட்டு வேலில."

"முதல்ல மோதிரத்தக் கழட்டணும்."

"மோதிரம் கிடக்கட்டும். முள்ள மட்டும் எடு."

"வீக்கம் ஏறினா ரத்தம் ஓடாது மாமா. ஒரு விரல் கொறைச்சலா கூட்டிட்டுப் போனா அக்காவுக்கு யார் பதில் சொல்றது?"

அறையே சிரித்தது. மச்சினன் ஒரு நூலை எடுத்து அதன் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தான். மீதியை விரலில் இறுக்கிச் சுற்றினான். பிறகு நுனியைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் மெல்ல நகர்ந்தது. அந்த வலியிலும் புலியண்ணன், எத்தனை செல்போன் தன் பக்கம், எத்தனை அவன் பக்கம் என்று பார்த்தார். எல்லாம் அவன் பக்கம்தான்.

"ஊசி போட்டப்போ என் கொழந்தைகூட இப்படி மூஞ்சியச் சுளிக்கல" என்றாள் வரிசைக்காரி.

மோதிரம் கழன்றது. "கொஞ்சம் பிடிங்கம்மா, தொலைஞ்சா அக்கா என்னத்தான் கேக்கும்" என்று டிராவல்ஸ் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மச்சினன் முள்ளுக்குக் குனிந்தான். அந்த அம்மா மோதிரத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். புலித்தலையின் கோடுகளில் மண் காய்ந்திருந்தது. நகத்தால் அதைச் சுரண்டினார். கொஞ்சம் யோசித்தார். செல்போனை எடுத்து, ஓடைக்கரையில் பிடித்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

புலியின் பாதத்துக்கு நடுவே, பொட்டளவில், இன்னொரு புலியின் தலை இருந்தது.