கரண்டி வெட்டு

"ஸ்க்ரூ எங்கடா?"

கில்மோவின் கடை மேஜையில் புது செயின் ரம்பத்தைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தார் அல்சீட். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாயிற்று, இறக்கியும் பார்த்தாயிற்று.

"என்ன ஸ்க்ரூ மாமா?"

"பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ. என் பழைய மிஷின்ல ரெண்டு இருந்துச்சு. இதுல ஒண்ணுகூடக் காணோம். கழட்டி வித்துட்டியா?"

"இதுக்கு அதெல்லாம் வேணாம் மாமா. உள்ள குட்டியா ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. குளிர், வெயில், எல்லாம் பார்த்து அதுவே சரி பண்ணிக்கும்."

"யாரைக் கேட்டுப் பண்ணிக்கும்?"

கில்மோ வாசலைப் பார்த்தான். அந்தப் பார்வை அல்சீடுக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டது இருபது அங்குல பிளேடு. அவன் எடுத்து வைத்தது பதினாறு. அவர் கேட்டது கனமான மிஷின். அவன் தள்ளிவிடப் பார்ப்பது நடுத்தர சைஸ். கையில் தூக்கினால் காலி பால் கேன் மாதிரி இருந்தது.

"எனக்கென்ன பொம்பளைக் கையா? பெரிசு இல்லையா?"

"இதுதான் உங்களுக்குச் சரி மாமா. நெலத்து வேலைக்கு, விறகு வெட்ட, விழுந்த மரத்தை ஒதுக்க, இதுக்கு மேல வேண்டாம். உங்க தோள்பட்டை வேற..."

"என் தோள்பட்டையைப் பத்தி உனக்கு யார் சொன்னா?"

மறுபடியும் வாசலைப் பார்த்தான் கில்மோ.

விற்காமல் கிடந்த சரக்கைத் தலையில் கட்டுகிறான் என்று அல்சீட் முடிவு செய்தார். ஆனாலும் வாங்கினார். வேறு வழி இல்லை. மார்ச் மாதம் பனியில் சறுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்ட பிறகு, பழைய ரம்பத்தின் கயிற்றை இழுத்துக் கிளப்பவே அவரால் முடியவில்லை. அதைக் கில்மோவிடமே கழித்துப் போட்டுவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் மகள் மிரேய். போர்ட்லாண்டில் நர்ஸ். போனில் அவள் பேசியது கெடு வைத்தது மாதிரி இருந்தது. "நவம்பர் ஒண்ணு, சகல புனிதர் திருநாளுக்கு வருவேன்பா. கொட்டகையில எட்டு அடுக்கு விறகு இருக்கணும். இல்லேன்னா இந்தக் குளிர்காலம் நீயும் அம்மாவும் என் ஃபிளாட்ல. அதுக்கப்புறம் வீட்டை விக்கிறதைப் பத்திப் பேசுவோம்."

ஃபிளாட்டாம். நாலாவது மாடியாம். அல்சீடின் நிலமோ ஆற்றங்கரையில் தொடங்கி, ஒரு மைல் தூரத்துக்கு ரிப்பன் மாதிரி காட்டுக்குள் நீண்டு போகிறது. அந்தப் பக்கத்து நிலம் எல்லாமே அப்படித்தான், அகலமில்லாமல் நீளமாக. அதன் கடைசியில் பூச்சி அரித்து, நின்றபடியே காய்ந்துபோன ஆஷ் மரங்கள் முப்பது இருந்தன. வெட்டினால் அன்றைக்கே அடுப்பில் வைக்கலாம். எட்டு அடுக்கும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலமே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, புது ரம்பத்தோடு அவர் அங்கே போனபோது, ஆறு மரங்களைக் காணவில்லை.

அடிமரம் மட்டும் மிச்சம். மரத்தூள் இன்னும் மஞ்சளாக இருந்தது. மழையே படவில்லை. அல்சீட் குனிந்து ஒரு அடிமரத்தைக் கையால் தடவினார். கை நின்றது.

வெட்டு தட்டையாக இல்லை. கரண்டியின் உட்புறம் மாதிரிக் குழிந்திருந்தது.

அந்த வெட்டை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் வெட்டும் ஒவ்வொரு மரமும் அப்படித்தான் குழியும். ரம்பத்தை மடியில் வைத்து அரம் போடும்போது ஒரு பக்கப் பற்கள் கைக்கு வாகாக வரும், நன்றாகத் தீட்டுவார். மறு பக்கத்துக்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், அதை ஏனோதானோ என்று முடிப்பார். கூர் எந்தப் பக்கமோ, ரம்பம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஊரில் அதற்கு 'அல்சீட் கரண்டி' என்றே பெயர்.

அவர் மரத்தை, அவர் ரம்பத்தாலேயே எவனோ வெட்டியிருக்கிறான்!

அடிமரத்துக்குப் பக்கத்தில் சூரியகாந்தி விதைத் தோல்கள் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் அல்சீடின் காது சூடானது. அந்த ஊரில் விழித்திருக்கும் நேரமெல்லாம் சூரியகாந்தி விதை கொறிப்பவன் ஒரே ஒருத்தன். பக்கத்து நிலத்துக்காரன் காஸ்தோன். வேலி விஷயத்தில் சண்டை வந்து, நாலு வருஷமாகப் பேச்சில்லை.

நேராகக் கில்மோ கடைக்கு வண்டியை விட்டார்.

"என் பழைய மிஷினைக் காஸ்தோனுக்கு வித்தியா?"

"ஐயையோ, யாருக்கும் விக்கல மாமா." கில்மோ பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தான். பழைய ரம்பம் அக்கக்காகக் கிடந்தது. இன்ஜினில் நீளமாக ஒரு விரிசல். "இது எந்த மரத்தை வெட்டும்? சொல்லுங்க. கோந்து போட்டா ஒட்டும்?"

அல்சீட் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். மிஷின் இங்கே, வெட்டு அங்கே. ஆனால் பற்கள் இருப்பது செயினில்தானே.

"செயின் எங்க?"

"செயினை நீங்கதானே கழட்டிட்டுப் போனீங்க. புதுசுக்குச் சேராதுன்னு சொன்னேன். அதுவும் என் ஏமாத்து வேலைன்னு திட்டிட்டு, பையில போட்டுக்கிட்டீங்க."

உண்மைதான். பழைய செயின்கள் மூன்றையும் அவரே கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகைப் பூட்டைத் திறந்து பார்த்தார்.

ஆணியில் இரண்டுதான் தொங்கின.

பூட்டு உடையவில்லை. கொட்டகைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்று மனைவி ஒடீலிடம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒடீல் ப்ளாய் ஊற்றியிருந்தாள், அந்தப் பக்கத்துத் தோசை. மஞ்சளாக, ஓட்டை ஓட்டையாக. வழக்கமாகப் பத்துச் சாப்பிடுபவர் இரண்டோடு நிறுத்தினார்.

"என்ன, வயித்துல கல்லா?" என்றாள் ஒடீல்.

"கொட்டகையில ஒரு செயினைக் காணோம்."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"இரும்புச் செயினையா?"

"நம்ம ஊர் எலியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று திரும்பிக் கல்லில் மாவு ஊற்றினாள். முகத்தைக் காட்டவில்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அவள் முகத்தைக் காட்டாமல் பேசியது இரண்டே முறைதான். இரண்டு முறையும் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு அல்சீட் வேவு பார்க்கத் தொடங்கினார். ஒடீலின் பூட்ஸ் அடியில் மஞ்சள் தூள். அவள் கோட்டுப் பையில், கடவுளே, ஒரு சூரியகாந்தி விதைத் தோல். காஸ்தோனின் களஞ்சியத்துக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒரு குவியல். காஸ்தோன் வீட்டில் எண்ணெய் அடுப்பு. அவனுக்கு விறகு எதற்கு?

இன்னொன்றும் புரிந்தது. அவர் தோளுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரி போவது செவ்வாயும் வெள்ளியும். மரம் குறைவதும் அதே செவ்வாய், அதே வெள்ளிதான்.

அவர் ரம்பம் பிடித்த நாட்களில் காது மூடியே போட்டதில்லை. இப்போது பக்கத்து அறைக் கடிகாரமே கேட்பதில்லை. அவர் வீட்டில் இருந்தாலும் ஒன்றும் கேட்காது. அப்படியிருந்தும் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வெட்டுகிறார்கள் என்றால், எவ்வளவு ஜாக்கிரதை! என்னவெல்லாம் நடக்கிறதோ!

அக்டோபர் இரண்டாவது வெள்ளி. காலை ஒன்பது மணி.

"பயிற்சிக்குக் கெளம்பறேன்."

"மெதுவா ஓட்டு" என்றாள் ஒடீல். அவள் ஏற்கெனவே பூட்ஸ் போட்டிருந்தாள்.

வண்டியைக் கோயில் பின்புறம் நிறுத்திவிட்டு, ஆற்றோரமாக நடந்து, தன் நிலத்துக்குள் திருடன் மாதிரித் தானே நுழைந்தார் அல்சீட். ஒரு மைல். தோள் வலித்தது. ஆஷ் மரங்கள் தெரியும் தூரம் வந்ததும்தான் ரம்பச் சத்தம் அவர் காதில் விழுந்தது.

காஸ்தோன் ஒரு கட்டை மேல் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் ரம்பம் பிடித்திருப்பது யார்?

ஹெல்மெட், முகத்தில் கம்பி வலை, தொடையில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு உறை. சின்ன உருவம். கால்களை அகட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டி, அவசரமே இல்லாமல் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. மரம் கிறீச்சிட்டது. உருவம் நாலு எட்டுப் பின்னால் நகர்ந்தது. மரம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

"ஏய்!" என்று கத்தினார் அல்சீட்.

ரம்பம் நின்றது. வலை மேலே போனது. உள்ளே ஒடீல்.

"பயிற்சிக்குப் போகலியா நீ?" என்றாள்.

அல்சீட் தயாரித்து வைத்திருந்த அத்தனை வசவும் காஸ்தோனுக்கானது. அதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியல? விறகு வெட்டறேன். கொட்டகையில ரெண்டு அடுக்குதான் இருக்கு. உன் வேகத்துல கணக்குப் போட்டேன், ஈஸ்டருக்குத்தான் எட்டு வரும். நாலாவது மாடிக்கு நான் போக மாட்டேன் அல்சீட். லிஃப்ட்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். கல்யாணமான மூணாம் வருஷம், ரம்பம் பிடிக்கக் கத்துக் குடுன்னு கேட்டேன். சிரிச்சே. உங்க அண்ணனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிச்சே."

காஸ்தோன் ஒரு தோலைத் துப்பினான். "எனக்குச் சிரிப்பு வரல. அதான் கத்துக் குடுத்தேன். என் மிஷினு, என் பெட்ரோலு. செயின் மட்டும் கல்லுல பட்டுப் போச்சு. என் மிஷினும் உன் பழசு சைஸ்தான், உன் ஆணியிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தா."

"நீ பேசாதே. உன்கூட எனக்குப் பேச்சில்ல."

"இப்ப பேசிட்டியே."

அல்சீட் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "தார்ப்பாய்க்கு அடியில?"

"நாலு அடுக்கு" என்றாள் ஒடீல். "நம்ம கொட்டகையில வெச்சா நீ தெனமும் எண்ணிப் பார்ப்பே. மிரேய் வர்றதுக்கு முந்தின நாள் சொல்லலாம்னு இருந்தேன்."

சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? அவர் மனசு ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த் தட்டிப் பார்த்தது. கில்மோ. வாசல். பதினாறு அங்குலம்.

"அந்தப் புது மிஷின்..."

"ஆகஸ்ட்ல நான்தான் போய்ப் பார்த்தேன். ஆறு மிஷின் தூக்கிப் பார்த்து அதை எடுத்தேன். என் கைக்கும் சரியா இருக்கணும், உன் தோளுக்கும் சரியா இருக்கணும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா நீ வாங்க மாட்டேன்னு கில்மோவை வாயைத் திறக்கக் கூடாதுன்னேன். பாவம், அவனுக்குப் பொய்யே வரல. ஏதாவது கேட்டா வாசலைப் பார்ப்பான்."

அல்சீட் பக்கத்து அடிமரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் குழிவாக, உடம்புக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாக இருந்தது.

"வெட்டு குழியுது" என்றார் கடைசியில்.

"உன் அரம் அப்படி. முப்பது வருஷமா நம்ம விறகு ஒண்ணுகூட நேரா நிக்கல. அடுக்கி வெச்சா சரியும். அடுக்கறது யாரு? நானு."

அவர் கையை நீட்டினார். ஒடீல் ரம்பத்தைக் கொடுத்தாள். பையிலிருந்து அரத்தை எடுத்து மறுபக்கப் பற்களைத் தீட்டப் பார்த்தார். இரண்டாவது இழுப்பில் தோளில் ஊசி குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது இழுத்தார். நாலாவது வரவில்லை.

"குடு. அந்தப் பக்கம் நான் போடறேன்" என்றாள் ஒடீல்.

அவர் உடனே கொடுத்துவிடவில்லை. அரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேற என்ன மறைச்சிருக்கே?"

"நெறைய இருக்கு. ஒவ்வொண்ணா கண்டுபிடி."

அடுத்த திங்களிலிருந்து புது ரம்பமும் காட்டுக்கு வந்தது. அவர் ஒரு பக்கம் தீட்டுவார், அவள் மறு பக்கம். அவர் கை ஓயும்போது அவள் பிடிப்பாள். காஸ்தோன் தன் டிராக்டரில் தார்ப்பாய்க் குவியலைக் கொண்டுவந்து இறக்கினான். அல்சீட் அவனோடு பேசவில்லை. ஆனால் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையை அவன் டிராக்டர் சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

திருநாளுக்கு முந்தின நாள் மிரேய் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனாள். எண்ணினாள். எட்டு. நம்பாமல் திரும்பவும் எண்ணினாள். பிறகு கட்டைகளின் முனைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்பாவின் மகள்தானே.

"அப்பா, இதெல்லாம் உன் கரண்டி, தெரியுது. இந்த ரெண்டு அடுக்கு மட்டும் ஏன் பலகை மாதிரி நேரா இருக்கு?"

"புது மிஷின். உள்ள குட்டியா ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுவே சரி பண்ணிக்கும்."

மிரேய் கண்ணைச் சுருக்கினாள். "யாரைக் கேட்டு?"

ஒடீல் விறகுத் தூளைத் தட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்கம்மாவைக் கேட்டு" என்றார் அல்சீட்.