குழி எண் பதினேழு

எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று ஊருக்கெல்லாம் மண் வரைபடம் போட்டுக் கொடுத்தே இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். சொந்த மனையையும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். 'செம்மண், கட்டடத்துக்கு ஏற்றது' என்று அதில் இருந்தது.

அஸ்திவாரம் தோண்டிய கொத்தனார், ஈரமான கறுப்புக் களிமண்ணை உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

"சார், இது நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். வீடு தாங்காது."

மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, "வரைபடத்துல செம்மண்ணுன்னுதான் போட்டிருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

அடுத்த கோடையிலேயே கூடத்துச் சுவர் பிளந்தது. விரிசலில் என் கை நுழைந்தது. எந்த முட்டாள் இங்கே மண் பார்த்தான் என்று கொதித்துப்போய், ஆபீஸ் அலமாரியிலிருந்து பழைய ஆய்வு நோட்டைத் தேடி எடுத்து வந்தேன். மனைவி அதை வாங்கி, எங்கள் மனைக்கான மண் சோதனைக் குழியின் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"குழி எண் பதினேழு. நாய் துரத்தியதால் தோண்டவில்லை. பக்கத்துக் குழியின் விவரமே இதற்கும் பொருந்தும்."

கீழே அழகாகச் சுழித்துப் போட்ட என் கையெழுத்து.

அவள் நோட்டை மூடினாள்.

"அந்த நாய் அன்னிக்கே சொல்லியிருக்கு. நீங்கதான் கேக்கல."