ஒரு நம்பருக்கு ஒரு அடுப்பு

பக்கத்து வீட்டு ரோஸி தன் கொல்லையில் மகனுக்குத் தனி வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

வீடு என்றால் மாளிகை இல்லை. பன்னிரண்டடி அகலத்தில் ஓர் அறை, மேலே சீமை ஓடு, மூலையில் அடுப்பு, சந்துப் பக்கம் தனி வாசல். மண்ணூர் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் எல்லா மனையும் பதினாறடி அகலம்தான். அவள் கொல்லையில் எது நடந்தாலும் என் வேலிக்கு மேல் தெரியும். மகன் சின்னப்பராஜ் கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பான். ரோஸி நடுவில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "அடுப்ப ஜன்னலாண்ட வைய்யா, என் மருமொவ கண்ணுல பொக போவக்கூடாது" என்பாள். ராணி மாதிரி ஒரு நிற்பு வேறு.

இதையேதான் என் மகன் ஜெபதாஸ் இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், என்னிடம் கேட்டான். "பின்னால ஒரு ரூம் போட்டுக்கறோம்மா. தனியா ஒரு அடுப்பு. ஒனக்கும் ரூத்துக்கும் சண்ட வராது."

"நான் உசுரோட கீற வரைக்கும் இந்த வூட்ல ரெண்டு அடுப்பு எரியாது" என்று சொன்னேன். அந்த மாதமே பெண்டாட்டி ரூத்தைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை அறைக்குப் போய்விட்டான். கிண்டி கம்பெனிக்கு ரயில் பிடிக்க அதுதான் வசதி என்று ஊருக்குச் சொன்னேன். நான் கொடுக்க மாட்டேன் என்றதை ரோஸி கொடுத்தாள், அவள் பிள்ளை அவளோடு இருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீஸுக்கு வெயிலில் நடந்தே போனேன். கிளார்க் முனிரத்தினம், ரோஸி கட்டும் வீட்டின் மேல் நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கொல்லையில ரூம் போட இந்த ஊர்ல யாரும் பர்மிஷன் கேட்டதில்ல கிளாராம்மா. நாங்களும் கண்டுக்கறதில்ல."

"அப்ப ரூல்ஸ் எதுக்குய்யா கீது? பீரோல வெச்சிப் பூட்டவா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அவர் நாடாவோடு வந்து அளந்தார். "ரெண்டாவது வூடுன்னா ரெண்டு பக்கமும் அஞ்சடி காலியா வுடணும். இங்க ரெண்டடிதான் கீது."

"வூடு இல்லய்யா, ரூமுதான்" என்றாள் ரோஸி.

"அடுப்பு கீதே! தனி அடுப்பு, தனி வாசல் வெச்சா அது தனி வூடு. அடுப்ப எடுத்துட்டு சந்து வாசல அடைச்சிடு. ஒரே கதவு நம்பர்ல எல்லாம் ஒரே வூடாப் போய்டும்."

அன்று சாயங்காலமே சின்னப்பராஜ் அடுப்பை இடித்தான். நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே பெருக்கியபடி பார்த்தேன். இனிமேல் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பு. எத்தனை நாள் தாங்குகிறது பார்ப்போம் என்று மனசுக்குள் குதித்தேன்.

மூன்றாம் நாள் புளிக்குச் சண்டை வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் ஒருத்தி கத்தரிக்காய் அரிய, இன்னொருத்தி குழம்பு கிளற, இரண்டும் சிரித்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே குடையில் வந்தார்கள். தனித்தனியாகப் பொங்கித் தின்ன இருந்தவர்களை என் மனுதான் ஒரே பந்தியில் உட்கார வைத்திருந்தது! வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் ஜெபதாஸ் வந்தான். ஈஸ்டருக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரூத் முழுகாம கீறாம்மா" என்றான்.

அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

"அங்க தண்ணிக்கு ரொம்ப கஷ்டம். அவளேதான் சொன்னா, அத்தையாண்டயே போய்டலாம், பின்னால ஒரு ரூம் போட்டுக்கலாம்னு."

"கட்டுடா!" என்று கத்தினேன். "ரெண்டு அடுப்பு இன்னா, நாலு வெச்சிக்கோ!"

"முடியாதாம். வர வழியில முனிரத்தினத்தப் பாத்தேன், ஆபீசத் தொறந்து காமிச்சாரு. பதினாறடி மனைல பத்தடி வுட்டா மீதி ஆறடி. ஆறடில வூடா கட்டுவாங்க, குழிதான் வெட்டுவாங்க. முந்தி கண்டுக்க மாட்டாங்களாம். ஒரு மனு வந்ததுலேர்ந்து தெரு முழுக்க ஒரே ரூல்ஸாம்."

"எவன் போட்டானோ" என்றேன்.

"கையெழுத்தப் பாத்தேம்மா."

குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திட்டவில்லை.

"சரி, ஒரு அடுப்புதானே இருக்கணும்? என்னுத இடிச்சிடறேன்" என்றேன். "ரூத் ஆக்கட்டும். அவ போட்டத தின்னுட்டு கம்முனு கெடக்கறேன். ஏசு சாமி மேல ஆணையா."

என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படி இறங்கிப் பேசியதில்லை.

அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

"அடுப்பு கெடக்குது வுடும்மா. அடுத்த வூட்டுப் புள்ள அவங்க ஆத்தாளோட கீறதே ஒனக்குப் பொறுக்கல. என் பொண்டாட்டியாண்ட நான் ஒன் கண்ணெதுர சிரிச்சிப் பேசனா பொறுத்துக்குவியா?"

'பொறுத்துக்குவேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேரப்பிள்ளை இந்த வீட்டில் பிறக்கும். அவனும் வாசலில் நின்று என் வாயையே பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் சின்னப்பராஜ், "எம்மா, பசிக்குது, வா" என்று ரோஸியைக் கூப்பிட்டான்.

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. ஜெபதாஸ் பார்த்துவிட்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.