மழைத்துணி வாசனை

கேட்டுக்கு வெளியே ஹார்ன் இரண்டு தடவை அலறியது. கொட்டகையிலிருந்த நாற்பது ஆடுகளும் பதிலுக்குக் கத்தத் தொடங்கின. பிரிஜெட் கரண்டியைப் பால் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளை வேன். கதவில் லங்காவி ஹோட்டல் ஒன்றின் பெயர்.

நாளைக்கு வர வேண்டிய ஆள் இன்றைக்கே வந்து நிற்கிறார். அதுவும் பண்ணையில் வேலை செய்கிற மருதம்மாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.

வேனிலிருந்து இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். போனில் பேசிய அதே குரல். லோகேஸ்வரன், ஹோட்டலுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிறவர்.

"சாரி மேடம், சொல்லாம வந்துட்டேன். கோலா கெடாவுல இறால் பாக்க வந்தேன், வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு. செமிலிங் பக்கந்தானேன்னு அப்படியே வந்துட்டேன்லா."

"பரவால்ல சார். உள்ள வாங்க. ஆடுங்கள மொதல்ல பாக்குறீங்களா?"

"ஆட்ட அப்புறம் பாக்கலாம். மொதல்ல சீஸ்."

ஆட்டைக் காட்டி அரை மணி நேரத்தை ஓட்டலாம் என்று நினைத்த கணக்கு அங்கேயே விழுந்தது.

சுவை அறை என்று அவள் பெயர் வைத்திருப்பது பழைய உரக் கிடங்கைத்தான். சுவருக்கு வெள்ளையடித்து, நீளமாக ஒரு மேசை போட்டு, ஜெராய் மலை தெரிகிற பக்கமாக ஜன்னல் வைத்திருந்தாள். சனி ஞாயிறுகளில் பினாங்கிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்து, ஆட்டுப்பால் சீஸைத் துண்டு துண்டாகச் சுவைத்து, வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் தவறாமல் படம் எடுப்பது சீஸை அல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நிற்கிற சின்ன அட்டைகளை. 'மழைத்துணி வாசனை.' 'மாங்காய்த் தோல்.' 'புதுப் பள்ளி நோட்டு.' சீஸுக்கு இப்படியெல்லாம் எழுதி யாரும் பார்த்ததில்லை.

எழுதிய கைதான் பிரிஜெட்டுடையது. மூக்கு மருதம்மாளுடையது.

மூன்று வருடத்துக்கு முன் பிரிஜெட்டுக்குக் கோவிட் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. இன்றைக்கு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். நாக்குக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும். மற்றதெல்லாம் மெழுகு. சீஸ் செய்து விற்கிறவளுக்கு மூக்கு செத்துப்போயிற்று என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? ஒரு மாதம் கழித்து, "எல்லாம் சரியாயிருச்சு" என்று கணவன் அலனிடம் சொன்னாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அதற்குப் பிறகு நூறு பொய் வேண்டியிருந்தது. வருகிறவர்கள், நீங்களும் சாப்பிடுங்கள் என்றால் வயிற்றில் கேஸ்ட்ரிக் என்பாள். காலையில் பால் கறக்க வருகிற மருதம்மாளின் முன்னால் விளையாட்டுபோல ஒரு துண்டை நீட்டி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். மருதம்மாள் சீஸை வாயில் வைக்க மாட்டாள். கெட்டுப்போன பாலுக்கு இவ்வளவு கிராக்கியா என்று சிரிப்பாள். ஆனால் முகர்ந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வாள். நல்ல வார்த்தை என்றால் அது அட்டைக்குப் போகும். "சே, நாறுது" என்றால் அந்தத் தட்டு குப்பைக்குப் போகும்.

மருதம்மாளிடம் ஒரு தொல்லைப் பழக்கம் மட்டும் உண்டு. வந்ததும் முதல் வேலையாக அடுப்பறை ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்துவிட்டு, கேஸ் தோங் என்கிற சிலிண்டரின் பக்கத்தில் குனிந்து ஒரு தடவை பார்ப்பாள். வயசாகிறதல்லவா, சந்தேகப் புத்தி என்று பிரிஜெட் விட்டுவிட்டாள்.

இந்த வருடம் தவக்காலம் வந்தது பெரிய வசதியாகப் போயிற்று. ஈஸ்டர் வரைக்கும் சீஸைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். நாற்பது நாள் யாருக்கும் பதில் சொல்லும் வேலை இல்லை. ஆனால் பாதர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிப் பாராட்டிவிட்டார். அலன் பெருமையோடு திரும்பி இவளைப் பார்த்தபோது பிரிஜெட் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அலன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறான். இந்த ஹோட்டல் ஆர்டர் கிடைத்தால் அதை விட்டுவிட்டுப் பண்ணைக்கே வந்துவிடலாம். சூப்பர்வைசரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டான். அவசரக்காரன்.

லோகேஸ்வரன் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "எங்க செஃப் இதுங்க போட்டோவ பாத்துட்டுத்தான் என்னை அனுப்புனாரு. மெனுவுல அப்படியே போடணுமாம்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "போன மாசமே வந்திருப்பேன். விரதம்னு சொன்னீங்க. செய்யிறவங்க கூட உக்காந்து சாப்பிட்டாத்தான் எனக்கு நம்பிக்கை. அதான் ஈஸ்டர் முடியட்டும்னு காத்திருந்தேன்."

நேற்றுத்தான் ஈஸ்டர்.

பிரிஜெட் முதல் தட்டை வைத்தாள். தானும் ஒரு துண்டை எடுத்து மென்றாள். உப்பு. கொஞ்சம் புளிப்பு. அட்டையில் இருந்ததை ஒப்பித்தாள். அவர் தலையாட்டினார். இரண்டாவதும் அப்படியே தேறியது. மலையின் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று அவள் காது வெளியிலேயே இருந்தது.

"அது என்ன, கடைசித் தட்டுல தனியா இருக்கு?"

"அது இன்னும் ஆகல சார்."

"பாத்தா நல்லா ஆயிருக்கே. அத வெட்டுங்க."

எடுத்துத் தாளைப் பிரித்ததும் பிரிஜெட்டின் கண் தேதியில் விழுந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. மருதம்மாள் பாலிங்கில் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள். அன்றைக்குப் பிரிஜெட் தானே கறந்து, தானே உறைய வைத்தாள். இதை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்ததுதான்.

கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு துண்டை அவரிடம் கொடுத்தாள், ஒன்றைத் தன் வாயில் போட்டாள். உப்பு. புளிப்பு. மெழுகு.

"இதுக்கு அட்டை எழுதலையா?"

"இது..." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "மாங்காத் தோல் மாதிரி. பின்னால லேசா தேங்காப்பால்."

லோகேஸ்வரனின் தாடை நின்றுவிட்டது. அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பேப்பர் துண்டை எடுத்து, மரியாதையாக முகத்தைத் திருப்பி, வாயிலிருந்ததை அதில் துப்பி மடித்தார். கோபப்படவில்லை.

"மேடம், இன்னொரு தடவ சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டாள். உள்ளே போனது என்னவென்று தெரியவில்லை. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மோட்டார் வந்து நின்றது. புல்லுக்கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு மருதம்மாள் வாசலில் தலையை நீட்டினாள்.

"யே பிரிஜெட்டு, கெடா உள்ள பூந்துருச்சா? வாசல் வரைக்கும் வாடை அடிக்குது." பேசிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். வந்திருப்பவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது எந்தப் பாலு? நான் கல்யாணத்துக்குப் போனனே, அன்னைக்கா? கெடா வேலியப் பிச்சுக்கிட்டு பால் ஆடுங்களோட நின்னுச்சுன்னு சொன்னியே."

கிடா ஒட்டி நின்ற ஆட்டின் பாலில் அந்த நெடி ஏறிவிடும். பண்ணை வைத்த முதல் வாரத்தில் படித்த பாடம். அன்றைக்கு வேலியைக் கட்டியவளும் பிரிஜெட்தான், பாலைக் கறந்தவளும் அவளேதான்.

லோகேஸ்வரன் முதல் அட்டையை எடுத்து விரலில் சுழற்றினார். "மேடம், ஒன்னு கேக்கணும். மழைத்துணி வாசனைன்னு எழுதுனது யாரு?"

ஃபிரிஜ் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். நேற்றிலிருந்து சளி என்று சொல்லலாம். மூன்று வருடமாகக் கைவசம் வைத்திருந்த சாக்குகள் எல்லாம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. அலனின் முகம் வந்தது. பாதர் வந்தார். பிரிஜெட் எழுந்துபோய் மூன்றாவது நாற்காலியை இழுத்து மேசையருகே போட்டாள்.

"எழுதுனது நானு. சொன்னது இவங்க. அக்கா, கைய கழுவிட்டு வந்து உக்காருங்க. சார், எனக்கு மூணு வருஷமா மூக்கு இல்ல. ஒரு வாசனையும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது."

லோகேஸ்வரன் அட்டையை மேசையில் வைத்துவிட்டு மருதம்மாளைப் பார்த்தார். வெளியே ஆடுகள் புல்லுக்குக் கத்திக்கொண்டிருந்தன.

மருதம்மாள் குழாயில் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஆச்சரியம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"இன்னைக்காச்சும் வாயத் தொறந்தியே. போன வருசம் கேஸ் தோங் ஒழுகி வீடே நாறுனப்ப, நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே பால் கிண்டிக்கிட்டு நின்ன பாரு, அன்னைக்கே எனக்குத் தெரியும்லா."